மலைக்குப் போன பெயர்கள்

மே மாதம் பாதி கழிந்து, கோழிப் பண்ணைக் கூரைகளின்மேல் ஈரச் சாக்குகளைப் பரப்பி வைத்திருந்த அக்னி நட்சத்திர நாள் ஒன்றில், வெண்ணம்பாறை ஊரில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள், ஊர் எழுந்து காப்பி குடிப்பதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. பிள்ளைகள் இருந்தார்கள். அவரவர் பாயில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெயர்கள்தான் இல்லை.

முதலில் கண்டுகொண்டவர் மருந்துக்கடை சதாசிவம். கடைக்குத் தன் ஒரே மகனின் பெயரை வைத்து, சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘மெடிக்கல்ஸ்’ என்று போட்டிருந்தார். அன்று காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சிவப்பு எழுத்து இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல வெள்ளையாக இருக்க, ‘மெடிக்கல்ஸ்’ மட்டும் பலகையின் வலது ஓரத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காதவன்போல ஒட்டிக்கொண்டு நின்றது. ஏணி கொண்டுவரச் சொல்லலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட வாயைத் திறந்தார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. மறுபடி திறந்தார். மறுபடி காற்று.

இரண்டாவதாக, கண்டக்டர் வையாபுரியின் மகள். அவளுக்கு ஊர் அம்மனின் பெயர். அவள் பெயர் போனபோது அம்மன் பெயரும் கூடவே போய்விட்டது. பூசாரி அர்ச்சனையில் அந்த இடம் வந்ததும் காற்றை ஊதினார், ஒரு கணம் யோசித்தார், பிறகு அடுத்த பெயருக்குத் தாவி முடித்து, வெளியே வந்து எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார்.

“அம்மனுக்குப் பேரு கொஞ்சமாவா இருக்குது? ஒண்ணு லீவுல போனா மத்ததுக பார்த்துக்கும்” என்றார்.

மூன்றாவது, ருக்மணியின் மகன். அவன் பெயரை இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது இன்னும் திரும்பவில்லை, ஆகவே சொல்ல வழியில்லை. அது அவனுடைய தாத்தாவின் பெயர். அதனால் பால் சொசைட்டியில் செக்ரட்டரி, கேனோடு நின்ற அவன் தாத்தாவை முறைப்படி கூப்பிடப் பார்த்து, காற்றைக் கூப்பிட்டு, “யோவ் பெரியவரே, நீங்க வாங்க” என்று சொல்லிப் பாலை அளந்துகொண்டார்.

இதில் ருக்மணிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. காரணம் எளிது. அவள் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதே பெயரை மகனுக்கு வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த அன்று குழந்தையின் காதில் எல்லோரும் குனிந்து குனிந்து சொன்னார்கள், ருக்மணி மட்டும் குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அன்றிலிருந்து அவன் அவளுக்குச் ‘சாமி’. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைச் சொல்ல வைத்தாள். கோயிலில் “எங்க மாமா பேருங்க” என்று சொன்னால் பூசாரி புரிந்துகொள்வார். ஊருக்கு வந்து போகிற டவுன் பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயரில் பாதி எழுதியிருந்ததால், அதையும் அவள் ‘பச்சை பஸ்’ என்றே சொன்னாள். அவ்வளவு கண்டிப்பு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை; அவளே பிடித்துக்கொண்டது.

ஆகவே பெயர் போன சேதி மகன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

“ம்மா, என் பேரு போயிருச்சு.”

“எங்க சாமி?”

“மலைக் காலேஜுக்குத்தான் இருக்கும். ஆல்பர்ட் சார் சொல்றார்.”

ஆல்பர்ட் சார் ஊரின் டியூசன் வாத்தியார். வடக்கே பனி விழுகிற மலை ஒன்றின்மேல் ஓர் அறிவியல் கல்லூரி இருக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் லட்சம் பிள்ளைகள் எழுதினால் நாற்பது பேரை எடுப்பார்கள் என்று சொல்லி, இந்த மூன்று பேரையும் எழுத வைத்தவர் அவர்தான். டீக்கடை வாசலில் கூடிய கூட்டத்திற்கு அவர் விளக்கம் சொன்னார்.

“மார்க்கு எல்லாருக்கும் ஒரே மார்க்குதான். போட்டோவுல எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி முழிக்குதுக. அப்புறம் அவங்க எதை வெச்சு எடுப்பாங்க? பேரைக் கூப்பிட்டு நேர்ல உட்கார வெச்சுப் பார்க்கிறாங்க போல.”

“அதுவும் சரிதானுங்க” என்றது ஊர். “அவ்வளவு பெரிய காலேஜு, பார்க்காம எடுப்பாங்களா?” அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. டீ ஆறுவதற்குள் பேச்சு, பெயர்களுக்கு அங்கே குளிர் தாங்குமா, ஸ்வெட்டர் இல்லாமல் போயிருக்கின்றனவே என்று திரும்பிவிட்டது.

அதன்பிறகு வெண்ணம்பாறை பெயர் இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டது. மருந்துக்கடை, ‘பையன் கடை’ ஆனது. கண்டக்டர் மகளை ‘டிக்கெட்டு’ என்று கூப்பிட்டார்கள்; அவள் திரும்பி முறைப்பாள், ஆனால் திரும்புவாள். கூரியர்காரன் பெயர் இல்லாத பார்சலை முகத்தைப் பார்த்துக் கொடுத்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில், உறவினர் வரிசையில் மருந்துக்கடைக்காரர் மகன் பெயர் வர வேண்டிய இடத்தில் அச்சாபீசுக்காரர் ஒரு ரோஜாப்பூ படம் போட்டுக் கொடுத்தார். அழகாக இருக்கிறதே என்று வேறு சிலரும் தங்கள் பெயருக்குப் பதில் பூ கேட்டார்கள்.

இதில் நிஜமாகவே சந்தோஷப்பட்டவர் ருக்மணியின் மாமனார் ஒருவர்தான். பால் சொசைட்டியிலிருந்து வந்தவர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீண்ட நேரம் யோசித்து, மருமகளைக் கூப்பிட்டார்.

“ஏ அம்மிணி. எமன் வர்றான்னு வெச்சுக்க. வந்து என்ன கேப்பான்?”

“என்னுங்க மாமா இப்படி எல்லாம் பேசறீங்க?”

“பேரைத்தானே கேப்பான்? வாசல்ல நின்னு பேரைச் சொல்லித்தானே கூப்பிடோணும்? அவன் வாயிலயும் காத்துத்தான் வரும். பேர் இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போக அவனுக்கு ரூல் கெடயாது.” அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். “போயி வெங்காயப் பக்கோடா போடு.”

அன்றிலிருந்து பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் தள்ளிவைக்கச் சொன்னதை எல்லாம் வரிசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தார். “இறங்குங்க மாமா, விழுந்துருவீங்க” என்று ருக்மணி கீழே நின்று கெஞ்சினால், “விழுந்தா என்ன? கூப்பிட ஆள் இல்லையே” என்று மேலிருந்து சிரித்தார். அவருக்கு இருபது வயது குறைந்தது போல இருந்தது. கதவு இடுக்கில் ஏதாவது நிழல் ஆடினால் விழித்துக்கொண்டு உட்காருகிற பழக்கம்கூட அவரை விட்டுப் போயிருந்தது.

மகன்தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போனைத் திறப்பான், பார்ப்பான், மூடுவான், மூடிய போனையும் ஒருமுறை பார்ப்பான். அவன் அப்பா ரிக் வண்டியில் வேலை. சத்தீஸ்கரிலும் ஒரிசாவிலும் பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர். ஊருக்கு வரும்போதெல்லாம் மகனுக்கு நூறடியில் வந்த கல்மாவு, முந்நூறடியில் வந்த கல்மாவு, அறுநூறடியில் வந்த கல்மாவு என்று இருமல் மருந்து பாட்டில்களில் அடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஜன்னல் விளிம்பு முழுக்க அந்தப் பாட்டில்கள். சாம்பல், இளஞ்சிவப்பு, ஒன்றில் மட்டும் பச்சை. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவன் அவன். மலைக் கல்லூரியில் பூமிக்குள்ளே இருப்பதைப் பற்றி முதல் வருடத்திலிருந்தே படிக்கலாமாம். வேறு எங்கேயும் அவன் எழுதிப்போடவில்லை.

“எடம் கெடைக்கலீன்னா?” என்று ஒருநாள் ருக்மணி மெல்லக் கேட்டாள்.

“அப்பாகூட ரிக்குக்குப் போயிருவேன். கீழ என்ன இருக்குதுன்னு தெரியாமயே தொளச்சுட்டு இருப்பேன்.” சொல்லிவிட்டுப் பச்சைப் பாட்டிலைக் குலுக்கி வெயிலில் பார்த்தான். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்போது தொண்டையில் ஏதோ உருண்டையாக நின்றது. அழுகை என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

ஜூன் மாதம் முதல் மழைக்கு மறுநாள், மருந்துக்கடைப் பலகையில் ‘யுகேஷ்’ என்று சிவப்பு எழுத்து பளிச்சென்று வந்து நின்றது. சற்றே நனைந்திருந்தது. சதாசிவம் மகிழ்ச்சியில் மகன் பெயரை ஏழெட்டு முறை உரக்கக் கூப்பிட்டு முடிப்பதற்குள், போனில் கல்லூரியின் பதில் வந்துவிட்டது. இடம் இல்லை. அன்று மாலை அர்ச்சனையில் பூசாரி வழக்கம்போலத் தாவப் போன இடத்தில் ‘செல்லாண்டியே நமஹ’ என்று நாக்கு தானாகச் சொல்லிவிட, கூட்டத்தில் நின்ற வையாபுரி, “அய்யோ, பிள்ளைக்கு எடம் போச்சே” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அம்மனுக்குத் தீபாராதனை காட்டுவதா, கண்டக்டருக்குத் தண்ணீர் கொடுப்பதா என்று பூசாரி திண்டாடிப்போனார்.

ஊருக்கு இப்போது கணக்குத் தெளிவாகிவிட்டது. பெயர் திரும்பினால் இடம் இல்லை. திரும்பாவிட்டால் இடம்.

அதன்பின் ருக்மணி வீட்டு வாசலில் காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவள் மகன் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். காற்று வரும். “வரலீங்க! நல்லவேளை!” என்று முகம் மலர்ந்து போவார்கள். ஊர்ப் பிள்ளை ஒன்றாவது மலைக்குப் போகட்டும் என்று எல்லோருக்கும் ஆசை. வையாபுரி மகளோடு வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். சதாசிவமும் வந்தார். அவர் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே, மூன்று நான்கு தடவை முயன்று பார்த்தார். “இல்லீங்க, வரலை” என்று சொன்னபோது அவர் முகத்தில் மலர்ச்சி சற்றுக் குறைவாக இருந்தது. அதற்காக யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை.

இப்படி ஊரார் அந்தப் பெயர் வராததைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், மகனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், தமிழ்தான்.

“மலைக் காலேஜ் ஆபீசுல இருந்து பேசுதேன். நமக்குத் திருநெல்வேலிப் பக்கம். தம்பி, ஒனக்கு எடம் கெடைச்சாச்சு. எடம் கெடைச்சு எவ்வளவு நாளாச்சு! ஏன் யாரும் கூப்பிட மாட்டேங்கீய?”

“எங்க மேடம் கூப்பிடணும்?”

“ஒன் பேரைத்தான். கெடைக்காத பேரை எல்லாம் நாங்களே வெரட்டி விட்டிருவோம். கெடைச்ச பேரு இங்கன பெஞ்சுல உக்காந்திருக்கும். வீட்டுல இருந்து ஒரு ஆளு கூப்பிட்டாத்தான் எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போடும். முப்பத்தொன்பது பேரும் போயாச்சு. இது ஒண்ணு மட்டும் ஒத்தையில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. பாவமா இருக்குல்லா?”

போன் சத்தம் கேட்டு ஊர் கூடத்தில் நிறைந்திருந்தது. காலையில் வந்து கூப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அஞ்சு மணிக்கு கேட்டைச் சாத்திருவோம்” என்றது குரல். “அதுக்கப்புறம் எடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும்.”

“யார் வாயிலயும் வர மாட்டேங்குதே மேடம்” என்று ஆல்பர்ட் சார் குறுக்கே வந்தார். “ரோல் நம்பர் சொல்லட்டுங்களா?”

“நம்பரு இங்கன சாக்குச் சாக்கா கெடக்கு சார். பேரு வேணும். தேடிப் பாருங்க, யாராவது ஒருத்தர் வாயில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். பஞ்சாப்புல ஒரு வீட்டுல கிளி கூப்பிட்டுச்சு. கேரளாவுல ஒரு கைக்கொழந்தை.”

போனை வைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு ஊர் தேடத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் குனிந்து போனுக்குள் காற்றை ஊதினார்கள். பூசாரி ஊதினார். பக்கத்து வீட்டுக்காரி ஊதினாள். சத்தீஸ்கரில் துளைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் அப்பா இன்னொரு போனில் ஊதினார். பஸ்டாண்டிலிருந்து ஜோசியக்காரரைக் கிளியோடு தூக்கிவந்தார்கள். அது கூண்டைவிட்டு வெளியே வந்து, ஒரு முருகன் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, நெல்லுக்காகக் காத்திருந்தது. ஊரில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வரவழைக்கப்பட்டு எல்லாம் அழுதன. தாத்தாவே எழுந்து போய்ச் சொல்லிப் பார்த்தார். தன் பெயர், எழுபத்தாறு வருடப் பெயர். காற்றுதான். மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியோடு திரும்பிவந்து பக்கோடாத் தட்டின் முன் உட்கார்ந்தார்.

மணி நாலரையைத் தாண்டியது. மகன் ஜன்னல் பக்கம் போய்ப் பாட்டில்களைச் சாக்குப் பையில் எடுத்துப்போடத் தொடங்கினான். நூறடி, முந்நூறடி. கண்ணாடி கண்ணாடியோடு மோதுகிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் ருக்மணிக்குத் தொண்டையில் அந்த உருண்டை மறுபடி எழும்பியது. இந்தத் தடவை அது அழுகை இல்லை என்று தெரிந்தது. அதற்கு எழுத்துகள் இருந்தன. பதினேழு வருடமாக, அவன் தவழ்ந்து படி இறங்கப் போனபோது, காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது, மேடையில் பரிசு வாங்கியபோது, நாக்கு நுனிவரை வந்து வந்து அவள் விழுங்கிய பெயர். மற்றவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் செலவழித்துவிட்டார்கள். அவள் ஒருமுறைகூடச் செலவழிக்கவில்லை. அது அப்படியே இருந்தது.

அவள் கை தானாக வாயைப் பொத்தியது. பார்வை மாமனாரிடம் போனது.

அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்த பக்கோடா பாதி வழியில் நின்றிருந்தது.

“அம்மிணி” என்றார் மெதுவாக. “உன் தொண்டையிலயா இருக்குது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எப்படி மாமா... நான் எப்படிச் சொல்வேன்? அதுவும் உங்க முன்னால. அப்புறம் நீங்க...” வாசல் பக்கம் பார்த்தாள். அவருக்குப் புரிந்தது. அந்தப் பெயர் வந்துவிட்டால் அது எல்லோருக்குமாகத்தான் வரும். வாசலில் வந்து நிற்கிறவனுக்கும் சேர்த்து.

கிழவர் பக்கோடாவைப் பார்த்தார். சாக்குப் பைக்குள் போய்க்கொண்டிருந்த பச்சைப் பாட்டிலைப் பார்த்தார். பக்கோடாவைத் திரும்பத் தட்டில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். “சரி. என்னையக் கூப்பிடறதா நெனைக்காதே. நான் செவுத்தப் பார்த்து நின்னுக்கறேன். இந்தக் கூடத்துல நான் இல்லைன்னு வெச்சுக்க. மெதுவாக் கூப்பிடாதே, மலை வரைக்கும் போகோணும்.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், காலண்டர் மாட்டிய சுவரில் மூக்கு இடிக்க நின்றார். மரியாதைக்காகக் கூடத்தில் இருந்த மற்ற ஆண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஜோசியக்காரர் கிளியைத் திருப்பினார்.

ருக்மணி மேசைக்குப் போனாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். படி விளிம்பில் தவழ்ந்துபோகிற ஒரு குழந்தை தெரிந்தது.

“நாச்சிமுத்தூ!”

கோழிப் பண்ணைகளில் கோழிகள் ஒரு நிமிடம் கொக்கரிப்பதை நிறுத்தின. போனுக்குள், வெகு தொலைவில், ஒரு மரப் பெஞ்சு கிறீச்சிட்டது; யாரோ தடாலென்று எழுந்து ஓடுகிற சத்தம். ஜன்னலோரத்தில் மகன், “ம்மா!” என்றான். அதே நொடியில் சுவரைப் பார்த்து நின்ற கிழவர், எழுபத்தாறு வருடப் பழக்கத்தில், “ஓய், இங்கதான்” என்று குரல் கொடுத்துவிட்டுத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டார்.

கூடம் அதிரச் சிரிப்பு எழுந்தது. எல்லோர் வாயிலும் பெயர் திரும்பியிருந்தது. நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்று ஆளுக்கொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். சதாசிவம்தான் இருப்பதிலேயே உரக்கச் சொன்னார்.

“எந்திரிச்சாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு” என்றது போனில் குரல். “நல்ல தொண்டையம்மா ஒங்களுக்கு. இங்கன ஜன்னலெல்லாம் ஆடிப்போச்சு.”

ருக்மணி கூடத்தின் நடுவே முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். மாமனார் சுவரைவிட்டுத் திரும்பி, அவளைக் கடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“இனி அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு” என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். “பக்கோடாவை எடுத்துட்டுப் போ அம்மிணி. அந்த மாத்திரை டப்பா எங்க வெச்சே?”

ஜூலையில் பேரன் கிளம்பினான். பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொடுத்தது கிழவர்தான். “சீக்கிரம் கட்டு சாமி, முத்து பஸ் வந்துரும்” என்று ருக்மணி சொன்னாள்; சொன்ன பிறகுதான் சொன்னதைக் கவனித்தாள். பஸ் நகர்ந்தபோது அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கூப்பாட்டில் டிரைவர் மூன்று தடவை பிரேக் போட்டார்.

இப்போதெல்லாம் அந்தி சாய்ந்து விளக்கு வைத்ததும் அவள் வாசலுக்கு வந்து நின்று, ஒரு வேலையும் இல்லாமல், வடக்கே பார்த்து ஒருமுறை கூப்பிடுகிறாள். முதலில் கட்டிலிலிருந்து, “என்ன அம்மிணி, நான் இன்னும் இங்கதான் இருக்கறேன்” என்று பதில் வரும். அதற்கு அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். பிறகு அப்படியே நின்றுகொண்டிருப்பாள். மலை தூரம், சத்தம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சேர்ந்ததும் உள்ளே போன் அடிக்கும்.

“ம்மா, கூப்பிட்டியா?”